மரவரம்பில் வீச்சம், உச்சியில் வாசனை: ஒரு மலைப்பூவின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளைச் சேர்ந்த மொஸ்கிட்டோ மலைவரிசையில், பென்சில்வேனியா மலை என்று ஒன்று இருக்கிறது. (பெயரைப் பார்த்துவிட்டு அதைப் பென்சில்வேனியா மாநிலத்தில் தேட வேண்டாம்.) உச்சி சுமார் 3,960 மீட்டர். கிட்டத்தட்ட 3,500 மீட்டர் வரை மரம் உண்டு. மரவரம்பு எனப்படும் அந்த எல்லையில் மரங்கள் காற்றிலும் பனியிலும் அடிபட்டு, நிமிர முடியாமல், தரையோடு தரையாக முறுகிக் கிடக்கின்றன. அதற்கு மேலே மரம் என்ற பேச்சே இல்லை. கல், பாசி, புல், விரல் உயரச் செடிகள். உயர்மலைத் தூந்திரா என்பது இதுதான்.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரே செடி வளர்கிறது. தாவரவியல் பெயர் பொலிமோனியம் விஸ்கோசம். அங்குள்ளவர்கள் ஸ்கைபைலட் என்கிறார்கள். ஒரு சாண் உயரம், நீலமும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூக்கள், உள்ளே ஆரஞ்சு நிற மகரந்தம். விஸ்கோசம் என்றால் பிசுபிசுப்பானது என்று பொருள். இலையிலும் பூவைத் தாங்கும் பச்சைப் புல்லிவட்டத்திலும் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் இருப்பதால் வந்த பெயர்.

மரவரம்பில் இதன் பூவை முகர்ந்து பார்த்தால் பெரும்பாலும் முகம் சுளிக்க வேண்டியிருக்கும். ஸ்கங்க் என்ற விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்தின் வீச்சம் அதில் இருக்கிறது. நம் ஊரில் ஸ்கங்க் இல்லை. மரநாயின் நெடியை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். அப்படியே மேலே ஏறி உச்சிக்கு அருகே அதே செடியின் பூவை முகர்ந்தால் இனிய மணம். பூவின் வாய் கொஞ்சம் அகன்றும் இருக்கும். அளந்து பார்த்ததில், தூந்திராப் பூ மரவரம்புப் பூவைவிடச் சராசரியாக 12 சதவீதம் அகலம். கண்ணுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான்.

ஒரே மலை, ஒரே இனம், சில மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய தூரம். இதற்குள் வாசனையும் வடிவமும் எதற்காக மாற வேண்டும்? மிசௌரி பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கேண்டஸ் கேலன் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் இந்த மலையில் வேலை செய்தார். பீட்டர் கெவனுடன் சேர்ந்து அவர் எழுதிய முதல் கட்டுரை 1980இல் வந்தது. மலைச்செடிகளின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு நீளமாக ஒரே செடியைப் பின்தொடர்ந்தவை குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

உயரம் என்ன செய்கிறது?

பாடப்புத்தக விடையை முதலில் சொல்லிவிடலாம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். வளரும் காலம் சுருங்கும். பனி உருகி மறுபடி பனி விழுவதற்குள் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் பெரிது. காற்று அதிகம், புற ஊதாக்கதிர் அதிகம், பூச்சிகள் குறைவு. ஆகவே மேலே போகப் போகச் செடி பூச்சியை நம்பாமல் தன் மகரந்தத்தையே தானே ஏற்கத் தொடங்கும், அல்லது விதையை விட்டுவிட்டுக் கிழங்கு, மொட்டு, ஓடுதண்டு என்று உடல்வழி இனப்பெருக்கத்துக்குப் போகும்.

இது பொய் இல்லை. சிலியின் ஆண்டிஸ் மலைகளில் மேரி கலின் அரோயோவும் சக ஆய்வாளர்களும் 1980களில் பூ பூவாக உட்கார்ந்து எண்ணியபோது, உயரம் கூடக் கூடப் பூவுக்கு வரும் பூச்சிகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைவதைக் கண்டார்கள். தேனீக்கள் குறைந்து, ஈக்களும் பட்டாம்பூச்சிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆல்ப்ஸிலும் நியூசிலாந்து மலைகளிலும் ஈக்களின் செல்வாக்கு மேலே கூடுகிறது.

ஆனால் ஸ்கைபைலட் இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. முதலாவதாக, அது பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு செடியிலிருந்து யாராவது மகரந்தம் கொண்டு வந்தாக வேண்டும். பூச்சி வராவிட்டால் அந்த ஆண்டு விதை இல்லை. இரண்டாவதாக, இந்த மலையில் இந்தப் பூவுக்கு ஈக்கள் வருவது மேலே அல்ல, கீழே. மரவரம்பில் ஈ, சிறு தனித்தேனீ, பம்பிள் தேனீ என்று பலரும் கலந்து வருகிறார்கள். தூந்திராவில் வருவது ஏறக்குறைய பம்பிள் தேனீ மட்டும்தான்.

பம்பிள் தேனீ யார் என்று சொல்லிவிட்டு அப்புறம் போகலாம். நம் ஊரில் மரத்தூணைத் துளைக்கும் கருவண்டுக்கு அது தூரத்து உறவு. உடம்பெல்லாம் அடர்ந்த மயிர், குண்டு உடல், நீண்ட நாக்கு. முக்கியமான விஷயம், அது தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி நடுக்கி, மார்புப் பகுதியை 30 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கிளம்பும். வெயில் வந்தால்தான் எழுந்திருக்கும் ஈயைப் போல அல்லாமல், மேகமூட்டத்திலும் குளிரிலும் வேலைக்கு வந்துவிடும். மேலே குளிர்காலத்தைத் தனியாக மண்ணுக்குள் கழித்துவிட்டு எழுந்து வரும் ராணித்தேனீ, கூடு தொடங்குவதற்காக முதலில் தேடிப் போகும் பூக்களில் ஸ்கைபைலட் ஒன்று.

எனவே "உயரம் செடியை மாற்றுகிறது" என்று சொல்வது சரியான சுருக்கம் இல்லை. உயரம் விருந்தாளிப் பட்டியலை மாற்றுகிறது. பூ அந்தப் பட்டியலுக்கு ஏற்ப மாறுகிறது. என் கணிப்பில், இந்த ஆய்வு முழுவதும் சொல்ல வருவது இதைத்தான். அதிலும் அழைத்த விருந்தாளியைப் போலவே அழையாத விருந்தாளிக்கும் பங்கு உண்டு.

அழையாத விருந்தாளி

அது எறும்பு. ஃபார்மிகா நியோரூஃபிபார்பிஸ் என்ற இனம். பூந்தேனுக்காகப் பூவுக்குள் இறங்குகிறது. எறும்பு தேன் திருடுவது புதிதல்ல. பல பூக்களில் தேன் போவதோடு சேதம் முடிந்துவிடும். இங்கே எறும்பு குறுகலான குழலின் அடிக்குப் போய்த் தேனை எட்டும் வேளையில் சூலகத்தண்டைக் கடித்து அறுத்துவிடுகிறது. சூலகமுடியில் விழுந்த மகரந்தம் சூற்பைக்குப் போகும் ஒரே வழி அந்தத் தண்டுதான். அது போனால் பூ பார்வைக்கு முழுதாக இருக்கும், ஆனால் விதை பிடிக்காது.

எறும்பு கீழே அதிகம், மேலே குறைவு. அது நடந்தே வர வேண்டிய பிராணி, கூடும் தரைக்குள் இருக்கிறது, குளிர்ந்த மண் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது அந்த வீச்சத்துக்கு வருவோம். அது பூவின் இதழிலிருந்து வரவில்லை, புல்லிவட்டத்தின் சுரப்பி மயிர்களிலிருந்து வருகிறது. இனிய மணம் இதழிலிருந்து வருகிறது. 1983இல் கேலன் வெளியிட்ட ஆய்வு, தேன் திருடும் எறும்புகள் வீச்சப் பூவைவிட இனிய மணப்பூவை அதிகம் தாக்குவதைக் காட்டியது. அதாவது மரவரம்பில் இனிய மணத்தோடு பூத்தால் எறும்பின் வாயில் விழ வேண்டும். வீச்சத்தோடு பூத்தால் எறும்பு ஒதுங்கும். ஈக்களுக்கு அந்த நெடி ஒரு பொருட்டே இல்லை. அவை வருகின்றன, வேலையும் நடக்கிறது. உச்சியில் எறும்பின் தொல்லை குறைவு, வரும் பம்பிள் தேனீக்கோ இனிய மணம் பிடிக்கும். அங்கே வீச்சம் வைத்திருந்து யாருக்கு லாபம்?

இது கேட்க அழகாக இருக்கிறது. ரொம்ப அழகாக இருக்கும் பரிணாமக் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்ல பழக்கம். உச்சியில் பூ அகன்றிருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்: மண் வேறு, ஈரம் வேறு, வெளிச்சம் வேறு. ஒரே விதையை இரண்டு தொட்டியில் போட்டாலும் இரண்டு உயரத்துக்கு வளரும் என்பது வீட்டில் ரோஜா வைத்தவர்களுக்குத் தெரியும். அகலம் பிள்ளைகளுக்குப் போகிறதா? போனாலும் அதைத் தேர்ந்தெடுப்பது தேனீதானா? இரண்டையும் காட்டினால்தான் கதை ஆய்வாகும்.

கூண்டுக்குள் தேனீ

1989இல் வந்த கட்டுரையில் கேலன் ஒரு பாதியைக் காட்டினார். பம்பிள் தேனீக்கள் அகலமான வாயுள்ள பூக்களுக்கு அதிகம் வருகின்றன. அந்தச் செடிகளுக்கு விதை அதிகம் கிடைக்கிறது. மறுபாதி இதைவிடக் கடினமானது, காலமும் பிடித்தது. 1996இல் எவல்யூஷன் என்ற ஆய்விதழில் அது வந்தது.

செய்தது இதுதான். பூ சிறுத்திருக்கும் மரவரம்புக் கூட்டத்திலிருந்து செடிகளை எடுத்து, வலையால் மூடிய கூண்டில் வைத்து, உள்ளே பம்பிள் தேனீக்களை மட்டும் விட்டார். எந்தப் பூவுக்குப் போவது என்பது தேனீயின் விருப்பம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு தொகுதிச் செடிகளுக்குக் கையால், பூவின் அளவைப் பார்க்காமல் மகரந்தம் தடவினார். இரண்டிலிருந்தும் கிடைத்த விதைகளை முளைக்க வைத்து, நாற்றுகளை மறுபடி மலையில் நட்டார். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இந்தச் செடி முளைத்த மறு வருஷமே பூக்கும் ரகம் இல்லை; பல ஆண்டுகள் இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். (ஆராய்ச்சிக்கு மூன்று வருஷம் மட்டும் பணம் தருகிற ஏற்பாட்டில் இதைத் திட்டமிடுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.)

கடைசியில் பூத்தபோது அளந்தார். தேனீ தேர்ந்தெடுத்த தாய்ச்செடிகளின் பிள்ளைகளுக்குப் பூ, கையால் தடவியவற்றின் பிள்ளைகளைவிட 9 சதவீதம் அகலமாக இருந்தது.

ஒரே தலைமுறையில் 9 சதவீதம். உச்சிக்கும் மரவரம்புக்கும் இடையே உள்ள மொத்த வித்தியாசமே 12 சதவீதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். நாற்றுகள் எல்லாம் ஒரே கூட்டத்தின் வாரிசுகள். ஒரு தொகுதியின் தாய்களைத் தேனீ தேர்ந்தெடுத்தது, இன்னொன்றில் அப்படி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறுபாடு அது ஒன்றுதான். பூவின் அகலம் நன்றாக மரபுவழி போகிறது என்பதும் இதில் தெரிந்தது. இல்லாவிட்டால் தேனீ எவ்வளவு பொறுக்கி எடுத்தாலும் பிள்ளைகள் பழையபடியே வந்திருக்கும்.

இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி வேறு: இவ்வளவு வேகமாக மாற முடியும் என்றால், மரவரம்புப் பூ ஏன் இன்னும் சிறிதாகவே இருக்கிறது? அங்கேயும் பம்பிள் தேனீ வரத்தானே செய்கிறது?

எறும்பு இங்கே இரண்டாவது முறை வருகிறது. கேலனும் கியூபா என்ற சக ஆய்வாளரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தேனீக்குப் பிடித்த அதே அகன்ற வாய், குட்டைக் குழல் அமைப்புதான் எறும்புக்கும் வசதி என்று தெரிந்தது. விரிந்த வாசல் நல்ல விருந்தாளிக்கும் திறந்திருக்கிறது, திருடனுக்கும் திறந்திருக்கிறது. எறும்பு நிறைய இருக்கும் இடத்தில், ஒடுங்கிய நீண்ட குழலுள்ள பூ கொஞ்சம் தேனீயை இழந்தாலும் சூலகத்தண்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. எறும்பு குறைந்த இடத்தில் அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. வருகையைச் சம்பாதிப்பதா, திருட்டைத் தடுப்பதா என்ற இழுபறி உயரத்துக்கு உயரம் வேறு புள்ளியில் நிற்கிறது. அந்தப் புள்ளிதான் நாம் அளக்கும் பூவின் அகலம்.

தண்ணீர்க் கணக்கு

மேலே எறும்பும் இல்லை, தேனீக்கும் பெரிய பூ பிடிக்கும் என்றால், தூந்திராப் பூ இன்னும் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகலாமே? அதற்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பூவின் இதழ் தண்ணீரை விடும். மெல்லிய சவ்வு போன்ற இதழ்களின் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இலை சம்பாதிப்பது போல இதழ் எதையும் சம்பாதிப்பதில்லை. 1999இல் கேலனும் மாணவர்களும் அளந்து பார்த்ததில், வறண்ட நிலையில் பெரிய பூக்கள் செடியின் நீர்க்கணக்கில் துண்டு விழச் செய்வது தெரிந்தது. இலைக்குப் போக வேண்டிய நீரைப் பூ இழுத்துக்கொள்ளும்போது ஒளிச்சேர்க்கை அடிபடுகிறது. பல ஆண்டுகள் வாழ்ந்து பல முறை பூக்க வேண்டிய செடிக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஆண்டு பகட்டாகப் பூத்து அடுத்த ஆண்டு செத்துப்போவதைவிட, அடக்கமாகப் பூத்து இருபது ஆண்டு இருப்பது மொத்தத்தில் அதிக விதை.

உயர்மலை என்றதும் பனியும் ஈரமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பனி உருகி ஓடிய பிறகு, சரளை மண்ணில், வெட்டவெளிக் காற்றில் தண்ணீர் நிற்பதில்லை. உச்சியில் வாழும் செடி குளிரைச் சமாளிப்பதைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, அது தாகத்தைச் சமாளிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

பன்னீர் வாசனை

வாசனைக் கதையிலும் பிற்பாடு ஒரு திருப்பம் வந்தது. ஸ்கைபைலட்டின் இனிய மணத்தில் 2-ஃபீனைல்எத்தனால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பெயர் மிரட்டினாலும் பொருள் நமக்குப் பழக்கமானது: கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரின் மணத்தில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

2011இல் கேலனும் வாசனை வேதியியலில் பெயர்பெற்ற ராபர்ட் ராகுசோவும் மற்றவர்களும் சேர்ந்து இந்த ஒரு பொருளை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். பழைய கதைப்படி இனிய மணம் என்றால் எறும்புக்கு அழைப்பு. ஆனால் இந்தப் பொருள், அளவு கூடும்போது எறும்பை விரட்டியது. சரி, அப்படியானால் நிறையத் தெளித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், அளவைப் பொறுத்து பம்பிள் தேனீயின் நடத்தையும் மாறுகிறது; மிஞ்சினால் அதுவும் தயங்குகிறது. ஒரே பொருள் ஓர் அளவில் அழைப்பு, இன்னோர் அளவில் விரட்டு.

வீச்சப்பூ, மணப்பூ என்று இரண்டே பெட்டியில் போட்டு 1980இல் தொடங்கிய ஆய்வு, முப்பது ஆண்டு கழித்துச் சொட்டுக் கணக்குக்கு வந்துவிட்டது. பழைய முடிவு தவறு என்று ஆகவில்லை. மனித மூக்கு இரண்டாகப் பிரித்ததை எறும்பும் தேனீயும் பல படிகளாகப் பிரிக்கின்றன, அவ்வளவுதான்.

மற்ற செடிகள் எடுத்த வழி

ஸ்கைபைலட் ஒரு விடை. அதே கொலராடோ மலைகளிலேயே வேறு விடைகளும் உண்டு.

நீல மணிப்பூ என்று சொல்லத்தக்க கம்பனுலா ரொட்டுண்டிஃபோலியா மலையடிவாரத்திலும் உச்சியிலும் வளர்கிறது. மேலே பூச்சி வருகை குறைவு என்பதால் விதையும் குறைந்திருக்கும் என்றே எல்லாரும் நினைப்பார்கள். 1998இல் நேச்சர் இதழில் பிங்காம், ஆர்த்னர் இருவரும் வெளியிட்ட குறிப்பு அப்படி இல்லை என்றது. மேலே வருகை குறைவுதான். ஆனால் வருவது பம்பிள் தேனீ, ஒரு வருகையில் அது விட்டுப்போகும் மகரந்தம் அதிகம். சூலகமுடி மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும் காலமும் மேலே நீளம். கடையை அதிக நேரம் திறந்து வைத்தால் வாடிக்கையாளர் குறைவாக இருந்தாலும் வியாபாரம் ஈடாகிவிடும் என்பது போல. உயர்மலைப் பூக்கள் நீண்ட நாள் வாடாமல் நிற்பது பல மலைகளில் பார்த்த விஷயம்.

பூச்சியை நம்பாமல் தப்பிக்கும் செடிகளில் எனக்குப் பிடித்தது பிஸ்டோர்டா விவிபாரா. ஆர்க்டிக், ஆல்ப்ஸ், இமயமலை, ராக்கி என்று வடபாதி உலகின் குளிர்ந்த இடமெல்லாம் இருக்கிறது. ஒரே பூக்கதிரில் மேல்பாதியில் வெள்ளைப் பூக்கள், கீழ்ப்பாதியில் அரிசி அளவு குமிழ்மொட்டுகள். குமிழ்மொட்டு விழுந்தால் நேரே செடி. பூச்சி வேண்டாம், கருவுறுதல் வேண்டாம். உயரம் கூடக் கூடக் கதிரில் பூவின் பங்கு குறைந்து குமிழ்மொட்டின் பங்கு கூடுகிறது. சில செடிகளில் பூ ஒப்புக்கு ஒன்றிரண்டு நிற்கும், அவ்வளவுதான்.

இதே செடியில் பமீலா டிகிள் 1997இல் கண்ட இன்னொன்று இதைவிட வியப்பு. கொலராடோ உச்சிகளில் அதன் ஒரு பூக்கதிர், கண்ணுக்குத் தெரியாத முகிழாகத் தொடங்கி முழுதாக விரிய நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடையில் நாம் பார்க்கும் கதிர் நான்கு ஆண்டுக்கு முன் மண்ணுக்குள் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான கதிர்களும் அதே கிழங்கில் வரிசை கட்டி நிற்கின்றன. குறுகிய கோடையில் பனி உருகிய மறுவாரமே பூக்க வேண்டுமானால் முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. இதன் விளைவு, இந்த ஆண்டு வெயில் நன்றாக அடித்தாலும் செடியால் உடனே கூடுதல் கதிர் விட முடியாது. அதன் பதில் சில ஆண்டு தாமதமாகத்தான் வரும்.

இமயத்தில் ஒரு விடை இருக்கிறது, அது வேறு எந்த மலையிலும் இல்லாத அளவுக்குப் பகட்டானது. கிழக்கு இமயத்தில், 4,000 மீட்டருக்கு மேல், சுற்றிலும் எல்லாச் செடியும் கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது ஒன்று மட்டும் ஆளுயரத்துக்கு வெளிர்மஞ்சள் கோபுரமாக நிற்கிறது. ரீயம் நோபிலே. 19ஆம் நூற்றாண்டில் சிக்கிமில் அலைந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அங்குள்ளவர்கள் அதன் புளிப்பான தண்டை 'சுக்கா' என்று சொல்லித் தின்பார்கள் என்ற குறிப்பும் அவருடையதே.

அந்தக் கோபுரம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்த, ஒளி ஊடுருவும் இலைகள். பூக்கள் உள்ளே மறைந்திருக்கின்றன. இலை வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, புற ஊதாக்கதிரைத் தடுக்கிறது, வெயில் நேரத்தில் உள்ளே வெளியைவிடச் சூடு, மழை மகரந்தத்தை அடித்துக்கொண்டு போகாது. கண்ணாடி வீட்டைத் தானே கட்டிக்கொண்ட செடி. குன்மிங்கில் உள்ள தாவரவியல் நிறுவனத்தின் சோங் போ, சுன் ஹாங் முதலியோர் இலைகளை நீக்கிப் பார்த்தபோது விதை விளைச்சல் அடிபட்டது. வாடகையும் உண்டு: பிராடிசியா என்ற சிறு கொசு போன்ற ஈ உள்ளே வந்து மகரந்தம் சேர்க்கிறது, அங்கேயே முட்டையும் இடுகிறது, அதன் புழுக்கள் விதைகளில் ஒரு பங்கைத் தின்கின்றன. பல ஆண்டுகள் இலையாகவே இருந்து, ஒரே ஒரு முறை இந்தக் கோபுரத்தை எழுப்பி, விதை விட்டதும் செடி இறந்துவிடுகிறது. ஸ்கைபைலட்டின் சிக்கனத்துக்கு நேர் எதிர்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயரத்துக்கு ஏற்ற பூ இது என்று ஒரு படம் வரைந்து காட்ட முடியாது என்பது புரியும்.

நாக்கு சுருங்கிய கதை

மறுபடி பென்சில்வேனியா மலைக்கு. இதுவரை சொன்ன கணக்கில் ஓர் அனுமானம் மறைந்திருந்தது: பம்பிள் தேனீ அப்படியே இருக்கும், பூதான் அதற்கு ஏற்ப மாறும் என்பது. 2015இல் சயன்ஸ் இதழில் நிக்கோல் மில்லர்-ஸ்ட்ரட்மன் தலைமையில் வந்த கட்டுரை அந்த அனுமானத்தை எடுத்துவிட்டது. கேலனும் அந்தக் குழுவில் ஒருவர்.

1966 முதல் 1980 வரை கொலராடோ உயர்மலைகளில் பிடித்து ஊசி குத்தி வைத்த தேனீக்கள் அருங்காட்சியகப் பெட்டிகளில் இருந்தன. 2012 முதல் 2014 வரை அதே இடங்களில் புதிதாகப் பிடித்தார்கள். அளந்தது நாக்கின் நீளம். பாம்பஸ் பால்டியாட்டஸ், பாம்பஸ் சில்விகோலா என்ற இரண்டு உயர்மலைப் பம்பிள் தேனீ இனங்களில், சுமார் நாற்பது ஆண்டில் நாக்கு ஏறக்குறைய கால்பங்கு, அதாவது 24 சதவீதம் குறுகியிருந்தது.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உடம்பே சிறுத்துவிட்டதா என்றால், அதனால் மட்டும் இதை விளக்க முடியவில்லை. பூக்களின் குழல் குட்டையாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. கீழிருந்து வேறு தேனீக்கள் ஏறி வந்து போட்டி போடுகின்றனவா என்றால், அதுவும் பொருந்தவில்லை. மிஞ்சியது பூக்களின் எண்ணிக்கை. கோடை வெப்பமாகி, மண் காய்ந்து, மலையில் தேனீக்குக் கிடைக்கும் பூக்கள் 1970களிலிருந்து ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்திருந்தன. பூ நிறைய இருந்த காலத்தில் ஆழக்குழல் பூக்களை மட்டும் தேடிப் போகும் நீள நாக்குக்காரிக்கு லாபம். மற்றவர்கள் எட்டாத தேன் அவளுக்கு. பூ அரிதான காலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சளைக்காமல் மேய்பவள்தான் பிழைப்பாள். அதற்குக் குட்டை நாக்கே போதும்.

ஸ்கைபைலட்டின் மணமும் வாய் அகலமும் யாருக்காகச் செதுக்கப்பட்டனவோ, அந்த ராணித்தேனீயும் நாக்கு சுருங்கிய இனங்களில் ஒன்று, பாம்பஸ் பால்டியாட்டஸ்தான். (வட அமெரிக்கக் கிளையை இப்போது பாம்பஸ் கிர்பியெல்லஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள்.)

பம்பிள் தேனீக்கூட்டம் பொதுவாக ஒரு கோடையில் தொடங்கி அதே கோடையில் முடிகிறது; புது ராணி மட்டும் பனியைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால், அந்த நாற்பது ஆண்டு அதற்கு நாற்பது தலைமுறை. கூண்டுச் சோதனையில் ஸ்கைபைலட்டுக்கு ஒரே ஒரு தலைமுறையைக் கடந்து பூ அளக்கவே பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.